பூட்டுகளுக்கு ஒழுங்கு கற்பித்த டைக்ஸ்ட்ரா

1957ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் இளைஞர் தம் திருமணத்தைப் பதிவு செய்யச் சென்றார். நெதர்லாந்தில் அப்போது மணமகன் தம் தொழிலையும் குறிப்பிட வேண்டியிருந்தது. நிரலாளர் என்று அவர் சொன்னார். அப்படியொரு தொழிலே கிடையாது என்று நகர அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்று எழுதித்தான் அந்தத் திருமணம் பதிவானது.

அந்த இளைஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. மணமகள் ரியா டெபெட்ஸ். இன்று சிங்கப்பூரில் எந்தப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் படித்தாலும் டைக்ஸ்ட்ராவின் பெயரைக் கேட்காமல் பட்டம் வாங்க முடியாது. தேக்காவிலிருந்து பொங்கோலுக்கு எப்படிப் போவது என்று கைப்பேசியில் தேடுகிறீர்களே, அந்த மாதிரித் தேடலுக்கு அடிப்படையான குறுகிய பாதை வழிமுறை அவருடையது. பெரும்பாலான மாணவர்கள் அவரை அந்த ஒரு விஷயத்துக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர் வேறொரு காரணத்துக்காகப் பிடிக்கும். அலுவலக மென்பொருளில் திடீரென்று ஒரு பதிவு பூட்டிக்கொள்ளும். வேறொரு பயனர் இதைக் கையாண்டுகொண்டிருக்கிறார் என்று திரை சொல்லும். எவ்வளவு தட்டினாலும் நகராது. அந்தத் தொல்லை ஏன் வருகிறது, அதை எப்படி யோசிப்பது என்பதை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி ராட்டர்டாமில் பிறந்தார். தந்தை பள்ளியில் வேதியியல் கற்பித்தவர், டச்சு வேதியியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். தாயார் கணிதம் படித்தவர், ஆனால் வேலைக்குப் போனதில்லை. மகனுக்குச் சட்டம் படிக்கும் ஆசை இருந்தது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் தம் நாட்டைப் பிரதிநிதிக்கலாம் என்று கனவு கண்டார். பிறகு லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பக்கம் திரும்பினார். 1951இல் கேம்பிரிட்ஜில் மூன்று வார நிரலாக்கப் பயிற்சி ஒன்று நடப்பதாக விளம்பரம் வந்தது. அதைப் பார்த்தவர் தந்தை, போனவர் மகன். அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது.

குறுகிய பாதை வழிமுறை பிறந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1956இல் ரியாவுடன் கடைத்தெருவில் சுற்றிக் களைத்துப்போய், ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, தாளும் பென்சிலும் இல்லாமல் ஏறத்தாழ 20 நிமிடத்தில் மனத்துக்குள்ளேயே அதை முடித்தார். மூன்று ஆண்டு கழித்துத்தான் அச்சில் வந்தது. அந்தக் கதையை இத்தோடு விட்டுவிடுகிறேன். அவரை உண்மையில் பயமுறுத்திய பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது.

கணித மையத்தில் அவருடன் பணிபுரிந்த லூப்ஸ்ட்ரா, ஸ்கோல்டன் என்ற இரு வன்பொருள் பொறியாளர்கள் எக்ஸ்1 என்ற புதிய கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் குறுக்கீடு என்ற வசதியை வைக்கப் போவதாகச் சொன்னார்கள். அதாவது, கணினி ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, அச்சுக் கருவி போன்ற ஒரு சாதனம் நடுவில் புகுந்து என்னைக் கவனி என்று அதன் தோளைத் தட்டலாம். வேகத்துக்கு இது நல்லது. ஆனால் டைக்ஸ்ட்ரா கலங்கிப்போனார். எந்த நொடியில் தட்டல் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஒருமுறை தவறு நேர்ந்தால் அதே தவறை மறுபடி வரவழைத்துப் பார்க்கவும் முடியாது. திரும்ப வராத தவறை எப்படித் திருத்துவது? அவர் முதலில் தயங்கினார். அந்த இருவரும் அவரைப் புகழ்ந்து பேசித்தான் சம்மதிக்க வைத்தார்களாம். 1959இல் அவர் வாங்கிய முனைவர் பட்டத்தின் ஆய்வே இந்தக் குறுக்கீடுகளைக் கையாள்வது பற்றியது.

திரும்ப வராத தவறு என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அலுவலகத்தில் மென்பொருள் மாட்டிக்கொள்ளும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். உதவிக்கு ஆளைக் கூப்பிடுவோம். அவர் வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும்.

இதன் வேரைப் புரிந்துகொள்ள ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். பாஸ்மதி அரிசி ஒரே ஒரு மூட்டை மீதி இருக்கிறது. இரண்டு எழுத்தர்கள் இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் இருப்பைப் பார்க்கிறார்கள். இருவருக்கும் 1 என்று தெரிகிறது. இருவரும் ஆளுக்கொரு வாடிக்கையாளரிடம் விற்றுவிட்டு, 1இல் 1 போக 0 என்று பதிகிறார்கள். கணக்கில் எந்தப் பிழையும் தெரியாது. ஆனால் ஒரு மூட்டையை இரண்டு பேருக்கு விற்றாகிவிட்டது. பார்ப்பது, கழிப்பது, பதிவது ஆகிய மூன்றும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். ஒருவர் அதைச் செய்து முடிக்கும்வரை மற்றவர் வெளியே நிற்க வேண்டும். அதற்குத்தான் பூட்டு. திரையில் வரும் அந்த எரிச்சலூட்டும் அறிவிப்பு உண்மையில் கோளாறே அல்ல, காவல்.

நம் உணவங்காடிகளில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிக்கிறோமே, அதுவும் பூட்டுதான். தேக்கா நிலையத்தில் ஞாயிறு மதியம் பிரியாணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொட்டலம் வைத்தவர் திரும்பி வந்தால் சரி. வைத்தவர் மனம் மாறி வேறு கடைக்குப் போய்விட்டால்? மேசை காலி, ஆனால் பூட்டு அப்படியே இருக்கிறது. தட்டுடன் நிற்பவர் அதை எடுத்துப் போடலாமா? எத்தனை நிமிடம் காத்திருந்தபின் எடுக்கலாம்? தரவுத்தள நிபுணர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் பொதுவாக 50 நொடி காத்திருந்துவிட்டுக் கைவிரித்துவிடும்.

இரண்டு பேர் மட்டும் போட்டியிட்டால் ஒருவரை மட்டும் உள்ளே விடுவது எப்படி என்பதற்கு டெக்கர் என்ற டச்சுக் கணிதவியலாளர் விடை கண்டிருந்தார். எத்தனை பேர் போட்டியிட்டாலும் செல்லுபடியாகும் விடையை டைக்ஸ்ட்ரா 1965 செப்டம்பரில் வெளியிட்டார். அந்தக் கட்டுரை ஒரே பக்கம்! எங்கள் வகுப்பில் ஒப்படைப்புக்கு முன்னுரையே அதைவிட நீளமாக எழுதுவோம்.

அதற்குள் அவர் ஐந்தோவன் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போயிருந்தார். அங்கே சிறு குழு ஒன்றுடன் பல நிரல்கள் ஒரே நேரத்தில் இயங்கும் ஓர் இயங்குதளத்தை உருவாக்கினார். நிரல்கள் ஒன்றையொன்று மோதாமல் இருக்க அவர் ரயில் பாதையிலிருந்து ஓர் உவமையை எடுத்துக்கொண்டார். பழைய ரயில் நிலையங்களில் கை தூக்கியும் இறக்கியும் நின்ற கைகாட்டி மரத்தை நம் தாத்தா, பாட்டி பார்த்திருப்பார்கள். ஒரு தடத்தில் ரயில் நுழைந்துவிட்டால் கைகாட்டி அடுத்த ரயிலை நிறுத்தும். முதல் ரயில் வெளியேறியதும் வழி விடும். இதையே அவர் ஓர் எண்ணாக மாற்றினார். உள்ளே போகுமுன் எண்ணைக் குறைக்க முயல வேண்டும். முடியாவிட்டால் காத்திருக்க வேண்டும். வெளியே வரும்போது கூட்ட வேண்டும். இந்த இரண்டு செயல்களுக்கும் அவர் டச்சுச் சொற்களின் முதலெழுத்தான பி, வி என்று பெயர் வைத்தார். டச்சு தெரியாத உலகம் இன்றுவரை அதே எழுத்துகளைப் பாடநூலில் மனப்பாடம் செய்கிறது.

பூட்டு வந்ததும் புதிய தொல்லை ஒன்று கூடவே வந்தது. ஓர் எழுத்தர் அரிசியின் பதிவைப் பூட்டிக்கொண்டு பருப்பின் பதிவுக்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் பருப்பைப் பூட்டிக்கொண்டு அரிசிக்குக் காத்திருக்கிறார். இருவரும் விடப்போவதில்லை. இருவருக்கும் கிடைக்கப்போவதுமில்லை. இந்த முட்டுநிலைக்கு டைக்ஸ்ட்ரா வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் மரண அணைப்பு என்று வரும். 1965இல் அவர் மாணவர்களுக்கு இதையே தேர்வுக் கேள்வியாகவும் கொடுத்தார்: ஐந்து கணினிகள், பகிர்ந்துகொள்ள வேண்டிய நாடாக் கருவிகள். பின்னர் டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் அறிஞர் அதை வட்ட மேசையில் ஐந்து தத்துவவாதிகள் சாப்பிட உட்காரும் கதையாக மாற்றினார். இருவருக்கு நடுவே ஒரு முள்கரண்டி. சாப்பிட இரண்டு வேண்டும். ஐவரும் ஒரே நேரத்தில் இடப்பக்கக் கரண்டியை எடுத்தால் ஐவரும் பட்டினி.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம், அதில் குற்றவாளி யாருமில்லை என்பது. ஒவ்வொருவரும் விதிப்படியே நடக்கிறார்கள், ஆனாலும் எல்லாம் நின்றுபோகிறது. டைக்ஸ்ட்ரா காட்டிய தீர்வு எளிமையானது. கரண்டிகளுக்கு எண் கொடுங்கள். எல்லாரும் சிறிய எண்ணை முதலில் எடுக்கட்டும். மளிகைக் கடையில் இருவரும் முதலில் அரிசி, பிறகு பருப்பு என்ற ஒரே வரிசையில் போனால் முட்டுநிலை வரவே வராது.

அவர் சொன்ன இன்னொரு வழி வங்கியாளரின் வழிமுறை. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் வட்டித்தொழில் செய்த வரலாறு நமக்குத் தெரியும் என்பதால், அங்கேயே வைத்துப் பார்ப்போம். கையிருப்பு 10,000 வெள்ளி. மூன்று வியாபாரிகள் அதிகபட்சமாக எவ்வளவு கேட்பார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள்: முதலாமவர் 8,000, இரண்டாமவர் 5,000, மூன்றாமவர் 9,000. முழுத்தொகையும் கைக்கு வந்து வியாபாரம் முடிந்தால்தான் அவர்களால் திருப்பித் தர முடியும். இதுவரை முறையே 4,000, 3,000, 1,000 கொடுத்தாயிற்று. பெட்டியில் மீதி 2,000. இப்போது மூன்றாமவர் வந்து இன்னும் 1,000 கேட்கிறார். பணம் இருக்கிறது, கொடுக்கலாமா?

கூடாது. கொடுத்தால் மீதி 1,000. இரண்டாமவருக்கு இன்னும் 2,000 தேவை, முதலாமவருக்கு 4,000, மூன்றாமவருக்கு 7,000. மூவருமே முழுத்தொகையையும் கேட்டால் யாருடைய தேவையையும் முடிக்க முடியாது. கொடுக்காமல் பொறுத்தால், 2,000ஐக் கொண்டு இரண்டாமவரை முடித்து, அவர் திருப்பித் தரும் 5,000இல் முதலாமவரை முடித்து, அப்போது கையில் சேரும் 9,000இல் மூன்றாமவரையும் முடிக்கலாம். கையில் இருந்தும் மறுப்பது கஞ்சத்தனமல்ல, கணக்கு.

அழகான வழிமுறைதான். ஆனால் நிறுவன மென்பொருளில் இது அப்படியே பயன்படுவதில்லை. எந்தப் பயனருக்கு எத்தனை பதிவுகள் தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதே. அதனால் இன்றைய தரவுத்தளங்கள் முட்டுநிலை வரட்டும் என்று விட்டு, வந்ததும் கண்டுபிடித்து, ஒருவரைப் பலிகொடுத்து மற்றவரை விடுவிக்கின்றன. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் 1205 என்ற எண்ணுடன் பிழை வந்தால், பலியானது உங்கள் வேலை என்று பொருள். பயப்பட ஒன்றுமில்லை. அந்த வேலை முழுமையாகப் பின்வாங்கப்பட்டிருக்கும். மறுபடி ஓட்டினால் போதும்.

இதையெல்லாம் நான் விரிவுரையில் படித்தபோது தேர்வுக்கான விஷயமாகவே நினைத்தேன். சென்ற ஆண்டு விடுமுறையில் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகை மொத்த வியாபார நிறுவனத்தில் வேலைப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஜூன் மாதக் கடைசி, அரையாண்டு இருப்புக் கணக்கெடுப்பு நேரம். மாலை ஆறு மணிக்கு ஓர் உணவகத்தின் ஆர்டர் செயல்பாட்டில் உள்ளது என்ற நிலையிலேயே நின்றுவிட்டது. இன்வாய்ஸ் வராமல் லாரி கிளம்பாது. சர்வரை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கணக்குப் பிரிவு அக்கா மட்டும் அசையவில்லை. முந்தைய ஆண்டு இப்படி அவசரப்பட்டு அணைத்ததில் ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை பதிவாகி, வரிக் கணக்கைச் சரிசெய்ய நாள்கணக்கில் உட்கார்ந்தவர் அவர்தான்.

அவர் செய்ததை வரிசையாகக் கவனித்தேன். முதலில், பூட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தார். கிடங்கில் வேலை செய்யும் ஓர் அண்ணனின் பெயர். அடுத்து அவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் திரையைத் திறந்தபடியே மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். எண்ணிக்கையை மாற்றினாரே தவிர சேமிக்கவில்லை. அதோடும் அக்கா நிற்கவில்லை. இருப்பு குறைந்திருக்கிறதா, இன்வாய்ஸ் எண் உருவாகியிருக்கிறதா என்று இரண்டு அறிக்கைகளை எடுத்து ஒப்பிட்டார். எதுவும் பாதியில் பதிவாகவில்லை என்று உறுதியான பிறகுதான் மென்பொருள் உதவியாளரை அழைத்து, அந்த ஒரே ஒரு பூட்டை மட்டும் விடுவிக்கச் சொன்னார். மொத்தம் 40 நிமிடம் ஆனது. எஸ்ஏபி போன்ற பெரிய மென்பொருளில் இந்தப் பூட்டுகளைப் பார்க்க எஸ்எம்12 என்று தனித் திரையே இருக்கிறது. அங்கேயும் விதி இதேதான்: உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, வேலை பாதியில் நிற்கிறதா என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது. அக்காவுக்கு டைக்ஸ்ட்ராவின் பெயர் தெரியாது. ஆனால் அவர் சிந்தித்த முறையில் டைக்ஸ்ட்ரா குறை சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

குறை சொல்வதில் டைக்ஸ்ட்ரா வல்லவர். 1968இல் நிரலுக்குள் இங்குமங்கும் தாவும் கட்டளை தீங்கானது என்று அவர் எழுதிய சிறு கடிதம் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அந்தக் கடிதத்தின் புகழ்பெற்ற தலைப்பு அவர் வைத்ததல்ல, இதழாசிரியர் நிக்கலஸ் விர்த் வைத்தது. அலுவலகங்களின் அபிமான மொழியான கோபாலை அவர் கடுமையாக வெறுத்தார். முரண்பாடு என்னவென்றால், உலகெங்கும் சம்பளப் பட்டியலும் வங்கிக் கணக்கும் தயாரித்த அதே அலுவலகங்களுக்குத்தான் அவருடைய பூட்டுச் சிந்தனை மிகவும் தேவைப்பட்டது. ஒரு பிழையைச் சோதித்துச் சோதித்துப் பிடிப்பதைவிட, பிழை நுழையவே முடியாது என்று முதலிலேயே கணிதம்போல் நிரூபிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இதில் நான் அவரோடு முழுக்க உடன்படவில்லை. கடைக்காரருக்கு நிரூபணம் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. மின்சாரம் போகும், இணையம் அறுபடும், மடிக்கணினியை மூடிவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போவார்.

அந்த இடத்தை நிரப்ப வேறு சிலர் வந்தார்கள். 1976இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் நால்வர், தரவுத்தளத்தில் பூட்டுகளை எந்த ஒழுங்கில் வாங்கி எந்த ஒழுங்கில் விட வேண்டும் என்று விதி வகுத்தார்கள். அந்தக் கட்டுரையில் முதலில் இருக்கும் பெயர் கபாலி ஈஸ்வரன். உடன் எழுதிய ஜிம் கிரே பின்னாளில் டூரிங் விருது பெற்றார். வேலை பாதியில் நிற்கும்போது கணினி செத்துப்போனால் எதைத் திரும்பச் செய்வது, எதை அழிப்பது என்பதற்கு ஏரிஸ் என்ற முறை 1992இல் வெளியானது. அதன் முதன்மை ஆசிரியர் சி. மோகன் தமிழ்நாட்டில் பிறந்து ஐஐடி மெட்ராசில் படித்தவர். அவர் முனைவர் பட்டம் வாங்கியது ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், 1981இல். மூன்று ஆண்டு கழித்து அதே பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் டைக்ஸ்ட்ரா.

அதற்கு முன் 1972இல் டைக்ஸ்ட்ராவுக்கு டூரிங் விருது கிடைத்திருந்தது. 1973 முதல் பரோஸ் நிறுவனத்தின் ஆய்வாளராக நூனென் என்ற சிற்றூரில் தம் வீட்டிலிருந்தே வேலை செய்தார். கணினித் துறையின் இந்த மேதை பல ஆண்டுகள் கணினியே வைத்துக்கொள்ளவில்லை என்றால் நம்புவீர்களா? ஊற்றுப்பேனாவால் அழகான கையெழுத்தில் எழுதி, நகலெடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். ஒரு மொழிமாற்றி நிரலை எழுதி முடிக்கும்வரை சவரம் செய்வதில்லை என்று 1960இல் சக ஊழியர் சோனவெல்டுடன் ஒப்பந்தம் போட்டார். நிரல் முடிந்தது. சோனவெல்டு தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ரா கடைசிவரை எடுக்கவில்லை. ஆஸ்டினில் இருந்த காலத்தில் ரியாவும் அவரும் ஃபோக்ஸ்வேகன் வேன் ஒன்றில் தேசியப் பூங்காக்களைச் சுற்றினார்கள். ஆலன் டூரிங்கின் பெயரை வைத்துச் சொல் விளையாடி, அந்த வண்டிக்குச் சுற்றுலா எந்திரம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள்.

1999இல் ஓய்வு பெற்றார். புற்றுநோய் பிடித்திருந்த நிலையில் 2002 தொடக்கத்தில் நூனெனுக்கே திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி காலமானார். பல கணினிகள் சேர்ந்து இயங்கும் துறையில் சிறந்த கட்டுரைக்கு வழங்கப்படும் விருது மறு ஆண்டிலிருந்து அவர் பெயரில் வழங்கப்படுகிறது.

அவர் தபாலில் அனுப்பிய குறிப்புகள் 1,300க்கும் மேல். எல்லாவற்றுக்கும் தம் பெயரின் முதலெழுத்துகளோடு வரிசை எண் போட்டிருந்தார். டெக்சஸ் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. கைகாட்டி, மரண அணைப்பு, வங்கியாளர் ஆகிய மூன்றையும் 123ஆம் எண்ணில் பார்க்கலாம்.